ஆலீஸம்மாவின் இரண்டு சாடிகள்

ஒரு கட்டுரை எழுதினால் அதனால் என்ன நடக்கும் என்பது குறித்து, இத்தனை வருட அனுபவத்தில் எனக்கு ஒரு தெளிவு வந்திருந்தது. ஒன்றும் நடக்காது. அந்தத் தைரியத்தில்தான் போர்ச்சுக்கலில் ஆறு நாள் சுற்றிவிட்டு வந்து, சிவப்பு ஒயினுக்கும் வெள்ளை ஒயினுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு வார இதழில் இரண்டு பக்கம் எழுதினேன். கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் சிவப்பு, பச்சைத் திராட்சையைப் பிழிந்தால் வெள்ளை என்று அதில் ஒரு வரி. அங்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒயினுக்கு நான் ஐஸ் கேட்டதையும், தோட்டக்காரர் என்னைப் பார்த்த பார்வையையும் எழுதவில்லை.

அந்தக் கட்டுரையை ஒருவர் படித்துவிட்டார் என்பதே எனக்கு அதிர்ச்சி. படித்தவர் என் அத்தான். அதைக் கேள்விப்பட்டு போன் செய்தவள் என் அக்கா.

"ஏலே, நீ ஒயினப் பத்தியெல்லாம் எழுதியிருக்கியாம்லா. ஒடனே கெளம்பி வா. கோமதி கல்யாணம் ஒன் கையிலதான் இருக்கு."

புதன்கிழமை காலை தென்காசியில் இறங்கியபோது சாரல். சென்னை மழை நேராக விழுந்து நேராக வீட்டுக்குள் வரும். இங்கே மழை விழுவதாகவே தெரிவதில்லை. முகத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை நனைந்ததுதான் மிச்சம். ஆட்டோக்காரர் பையை வாங்கிக்கொண்டே, "அண்ணாச்சி, குளிக்கவா, கோயிலுக்கா?" என்றார். தென்காசிக்கு வர மனிதனுக்கு மூன்றாவது காரணம் இருக்கமுடியாது என்ற உறுதி அந்தக் குரலில் இருந்தது. ஒயினுக்கு என்று சொல்ல நா எழவில்லை.

அக்கா வீடு இருக்கும் குத்துக்கல்வலசையில் எல்லா வீடும் போன மாதம் கட்டி முடித்தது போல இருக்கிறது. எல்லாத் தெருவும் இன்னொரு தெருவைப் போல இருக்கிறது. மூன்று தெரு சுற்றியபின், வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் எஸ்.ஐ. ஆறுமுகம் வீட்டைக் கேட்டேன்.

"இந்தத் தெருவுல மட்டும் நாலு எஸ்.ஐ. இருக்காவ. நீங்க யாரக் கேக்கிய?"

"மதுவிலக்குல இருந்து ரிட்டயர் ஆனவர்."

"ஓ, பான ஒடைக்கவரா? கடேசி வீடு."

அத்தானை ஊர் அப்படித்தான் அறியும். காவல்துறையில் இருந்த முப்பத்தொரு வருடத்தில் பெரும்பகுதி மதுவிலக்குப் பிரிவு. மலையடிவாரத்தில் சாராயத்துக்காக ஊறல் போட்ட பானைகளைத் தேடி உடைப்பது வேலை. ஊறல் என்பது வெல்லமும் பட்டையும் பழமும் போட்டு நாள்கணக்கில் புளிக்கவைத்த கரைசல். அதைக் காய்ச்சினால் சாராயம். அத்தான் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார்.

இப்படிப்பட்டவரின் ஒரே மகள் கோமதி, பெங்களூரில் தன்னோடு வேலை பார்த்த ஜிபினைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள். செங்கோட்டையில் பேக்கரி நடத்தும் ஆலீஸம்மாவின் மகன். புனலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், அப்பா இல்லை. அத்தான் ஒரு வாரம் பேசாமல் இருந்தார். பிறகு எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். சர்ச்சுக்குச் சரி, வெள்ளைப் புடவைக்குச் சரி, கேக்குக்கும் சரி. ஒன்றுக்கு மட்டும் இல்லை என்றுவிட்டார்.

ஆலீஸம்மா குடும்பத்தில் ஒரு வழக்கம். மோதிரம் மாற்றியதும், மாப்பிள்ளை வீட்டிலேயே ஊறிய ஒயினை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கோப்பையில் ஏந்தித் தொட்டு உயர்த்தவேண்டும். அதன் பிறகுதான் நிச்சயம் நிச்சயமாகும். கடையில் வாங்கியது செல்லாது. ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. அடுத்த புதன்கிழமை ஜிபின் புது வேலைக்கு மஸ்கட் போகிறான். போனால் லீவு இரண்டு வருடம் கழித்து.

"எம்மவ நிச்சயத்துல சாராயம் கெடையாதுன்னு இவுக நாலு தெருவுக்குச் சொல்லிட்டாவ," என்றாள் அக்கா. "ஒயின் இல்லாம நிச்சயமே கெடையாதுங்கா அந்தம்மா. நீ படிச்சவன்லா. செவப்பு, வெள்ளன்னு ரெண்டு இருக்காம்லா. அதுல போத இல்லாதது எதுலே?"

இரண்டிலும் இருக்கிறது என்றேன்.

"அப்பொ நீ என்னத்தத்தான் எழுதுன?"

எனக்கு வந்த விமர்சனங்களிலேயே இதுதான் சுருக்கமானது. மதியம் சொதியும் இஞ்சிப் பச்சடியும் இருந்ததால் அதையும் சேர்த்து விழுங்க முடிந்தது. அத்தான் சாப்பிட்டு எழுந்ததும் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து என் கட்டுரையை எடுத்து மேஜைமேல் வைத்தார். திராட்சையைப் பற்றிய வரிக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு.

"படிச்சேன்," என்றார். அவ்வளவுதான். சாட்சிக்கு எதிரான ஆவணத்தைக் காட்டிவிட்டு விசாரணையை ஒத்திவைப்பது போல உள்ளே போய்விட்டார்.

என் யோசனை எளிமையானது. ஆலீஸம்மாவைப் பார்த்து, ஒயினுக்குப் பதிலாகப் புளிக்காத திராட்சைச் சாறு என்று சம்மதிக்க வைத்துவிடுவது. நிறம் அதே நிறம். தூரத்திலிருந்து பார்க்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கு அது ஒயின், அத்தானின் பழைய சகாக்களுக்கு அது சாறு. வியாழன் மாலை செங்கோட்டைக்குப் போவதாக முடிவாயிற்று.

வியாழன் காலையில் அத்தான் என்னை அருவிக்குக் கூட்டிப் போனார். ஸ்கூட்டர் கிளம்ப மறுத்ததால் பஸ். பஸ் நிரம்பி வழிந்தது. படியில் நின்ற எனக்கு ஒரு காலுக்குத்தான் இடம் கிடைத்தது. இன்னொரு கால் குற்றாலம் வரை சாரலிலேயே பயணம் செய்தது.

அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்ப்பவர்கள் பலகையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் அத்தானைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ஐயா, சொகமா?"

"இருக்கேம்லே இசக்கி. இவரு எம் மச்சினன். நல்லாத் தேய்ச்சு விடு," என்று சொல்லிவிட்டு அத்தான் துண்டோடு அருவிக்குப் போய்விட்டார்.

இசக்கி என் முதுகைச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்துகொண்டே பேசினார். "ஒங்க அத்தான் எம் பானைய பதினேழு தடவ ஒடச்சிருக்காவ. ஒரு தடவயாவது தப்பிக்கணும்னு மலைக்கு அந்தாண்ட போயிப் போட்டேன். காத்து திரும்பிச்சு. அங்கனயும் வந்துட்டாவ. பொறவுதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்."

"கோபம் இல்லையா?"

"என்னத்துக்கு? அவுகளுக்கு மூக்கு அப்படி. ஊறல் வாசன வந்திட்டுன்னா அவுக கிட்ட பேசவே முடியாது சார். மொதல்ல கால் போயிரும். ஆளு பின்னாலதான் வருவாவ."

இதை நான் கவனமாகக் கேட்டிருக்கவேண்டும். அப்போது அவர் என் கழுத்தை ஒரு திருப்புத் திருப்பினார். கவனம் முழுக்க அங்கே போய்விட்டது.

அருவியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. தலையில் விழுவது தண்ணீர் என்று மூளை ஒப்புக்கொள்ளவே சிறிது நேரம் ஆகிறது. பிறகு மூளை எதையுமே நினைப்பதில்லை. பக்கத்தில் பல் தந்தியடிக்க நின்ற ஒருவர் தன் நண்பரிடம் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "மலைக்கு அந்தப் பக்கம் நம் வீட்டில் பெய்த மழை. இவ்வளவு தூரம் வந்து அதிலேயே குளிக்கிறோம்."

மதியம் பிரானூரில் பரோட்டாவும் மிளகுக் கோழியும். சென்னையில் பரோட்டா தட்டில் படுத்திருக்கும். இங்கே அதைக் கண்ணெதிரே அடித்துப் பிய்த்துத் தருகிறார்கள். அத்தான் இரண்டு தோசையோடு நிறுத்திக்கொண்டார். முக்கியமான இடத்துக்குப் போகும்போது வயிறு காலியாக இருந்தால்தான் மூக்கு வேலை செய்யும் என்றார். எதற்கு மூக்கு என்று நான் கேட்கவில்லை. போகும் வழியில் ஒரு கிலோ மங்குஸ்தான் வாங்கிக்கொண்டோம்.

ஆலீஸம்மாவின் வீடு பேக்கரிக்குப் பின்னாலேயே இருந்தது. வெந்த பன்னும் ஏலக்காயுமாக ஒரு மணம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நரைத்த கொண்டை, வெள்ளை ஜாக்கெட், ஒரு முறை பார்த்தால் மாவில் உப்பு குறைவு என்று கண்டுபிடித்துவிடும் கண்கள். எங்களை உட்காரவைத்துப் பிளம் கேக்கை வெட்டினார்.

"சாரு எழுத்துக்காரன் அல்லே? கோமதி மோளு சொன்னா. கேக்கு எடுக்கணும்."

நான் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, திராட்சைச் சாற்றின் பெருமைகளைப் பற்றிய என் உரையைத் தொடங்கத் தொண்டையைச் செருமினேன். அந்தக் கணத்தில் அத்தானின் மூக்கு உயர்ந்தது. வேட்டை நாய்க்குக் காது நிமிர்வது போல, ஓசையில்லாமல்.

"கை கழுவிட்டு வாரேன்," என்று எழுந்து பின்கட்டுக்குப் போனார். கேக்கை அவர் இன்னும் தொட்டிருக்கவே இல்லை. 'அவுகள தனியா விடாத' என்று அக்கா சொல்லியிருந்தது நினைவு வர, மங்குஸ்தான் பையோடு நானும் பின்னால் ஓடினேன்.

பின்கட்டுக் கொட்டகைக்குள் முழங்கால் உயரத்துக்கு இரண்டு பீங்கான் சாடிகள். வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அத்தான் குனிந்து முதல் சாடியில் காதை வைத்துக் கேட்டார். துணியை லேசாக விலக்கி முகர்ந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் முப்பது வயது குறைந்திருந்தது. என்னால் ஒரு சொல் பேசமுடிவதற்குள், வலது காலைத் தூக்கிச் சாடியின் தோளில் வைத்து ஒரு தள்ளு.

சாடி விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் அந்தச் சிவப்பு. சிமெண்டுத் தரை முழுக்க ஓடி, துவைகல்லைச் சுற்றி, மல்லிகைச் செடியின் அடியில் போய்த் தேங்கியது. திராட்சைத் தோல்கள் தரையெங்கும் கிடந்தன. அத்தான் கணுக்கால் வரை அதில் நனைந்து நின்றார்.

"மாப்ளே," என்றார் மிக மெதுவாக. "நா செய்யல. கால் செஞ்சிட்டு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கால் மறுபடி உயர்ந்தது. நான் பையைப் போட்டுவிட்டு அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். தேவையிருக்கவில்லை. இரண்டாவது சாடியின் வாசனை அவருக்கு எட்டியிருந்தது. கால் அந்தரத்தில் நின்றது.

"இது வேற. இது தோல் இல்லாம ஊறுனது. வெள்ள," என்றார்.

எந்த அதிர்ச்சிக்கு முதலில் அதிர்வது என்று தெரியாமல் நான் திரும்பினேன். வாசலில் ஆலீஸம்மா நின்றிருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையைத்தான் பார்த்தார். ஒரு மங்குஸ்தான் உருண்டு போய் அவர் காலடியில் நின்றது.

"அது ஞாயித்துக்கெழமைக்கு வெச்சதாணு சாரே," என்றார். "நாப்பத்தொரு நாளு. தெனம் ரெண்டு தடவ ஞான் கலக்கினது."

எந்த நீதிபதி கேட்டாலும் பதில் வைத்திருக்கும் அத்தான், பழக்கதோஷத்தில் ஒரு சட்டப்பிரிவின் எண்ணை மட்டும் முனகினார்.

"அது எனக்கும் தெரியும். இத கேரளத்துல, ஆரியங்காவுல எங்க அண்ணன் வீட்டுல வெச்சிருந்தா சாரோட காலு அவ்வளவு தூரம் எட்டாது. ஊறுகா போல வீட்டுக்கு வெச்சதல்லே, வீட்டுல இருக்கட்டும்னு நெனச்சேன்."

அந்த இன்னொரு சாடி இருக்கிறதே என்று நான் குறுக்கிட்டேன். அது பேக்கரி ஜாமுக்காகத் தோலுரித்த பழத்திலிருந்து வடிந்து மிஞ்சிய சாறாம். வீணாக்க மனம் வராமல் சும்மா ஊறவைத்ததாம். "அந்த வெள்ளைய ஆராவது சபையில வெக்குமோ? ஜிபின் அப்பாவோட சேட்டன்மாரு ரெண்டு பேரு கொல்லத்துலேருந்து வராங்க. வீட்டு ஒயின் இல்லாத நிச்சயத்துல அவங்க நிக்கமாட்டாங்க." சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார். "இப்போ வேண்டாம் சாரே. பின்ன பார்க்கலாம்."

பின்ன என்பது இரண்டு வருடம். இரண்டு வருடத்தில் எதுவும் ஆகலாம் என்பது அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டில் அக்கா முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளை ஒயின் ஒரு சாடி இருக்கிறது என்று நான் சொன்னபோது மட்டும், "சுப காரியத்துக்கு வெள்ளையாலே?" என்றாள். இரண்டு சம்பந்திகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அன்று இரவுதான் பெங்களூரிலிருந்து கோமதி வந்து இறங்கினாள். கையில் மருதாணிக்கு முன்பணம் கொடுத்த ரசீது. அவள் அழவில்லை. அத்தானின் வலது காலைப் பார்த்தாள். கழுவியும் போகாத சிவப்பு.

"எப்பா, ஒங்க டூட்டி முடிஞ்சிட்டுன்னுல்லா நெனச்சேன்," என்றாள்.

அதன் பிறகு அவரிடம் பேசவில்லை. மறுநாள் தோழிகள் வந்து இறங்குவதாக இருந்தது. அவர்களை வரவேண்டாம் என்று சொல்லவும் மனமில்லாமல், அவர்களுக்காகக் குற்றாலத்தில் எடுத்திருந்த வீட்டுக்கு விடிந்ததும் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நான் காபிக்குப் போனபோது அத்தான் சமையலறை மேஜையில் ஒரு கொத்துப் பன்னீர்த் திராட்சையோடும் என் கட்டுரையோடும் உட்கார்ந்திருந்தார். ஒத்திவைத்த விசாரணை.

"மாப்ளே, இத பிழியும்."

பிழிந்தேன்.

"என்ன கலரு?"

கறுகறுவென்ற பழம். விரலிடுக்கில் வழிந்த சாறு வெளிறிய பச்சை, ஏறக்குறைய தண்ணீர். ஐம்பத்துமூன்று வருடமாக இந்தப் பழத்தைத் தின்கிறேன். கொட்டையைத் துப்பியிருக்கிறேன், சட்டையில் கறை பண்ணிக்கொண்டிருக்கிறேன். உள்ளே இருப்பது வெள்ளை என்று பார்த்ததே இல்லை. பார்க்காமலேயே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

"கலரு தோல்லதான் இருக்கு," என்றார் அத்தான். "கம்பத்துல ரெண்டு வருசம் டூட்டி பாத்தேன். அங்கன பூராம் திராட்ச ஊறல்தான். நசுக்கித் தோலோட ஊறப்போட்டா செவப்பு. குடிச்சா நாக்குல துவர்ப்பு நிக்கும். சாற மட்டும் வடிச்சு ஊறப்போட்டா வெள்ள. துவர்ப்பு இருக்காது, புளிப்புதான் முன்ன நிக்கும். பழம் ஒரே பழந்தான். நீரு எழுதுனாப்ல பச்சப் பழம் கறுப்புப் பழம்னு ஒண்ணும் கட்டாயம் கெடையாது."

"குடிச்சாத் துவர்ப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேஸ் எழுதணும்லா? ஒரு சொட்டு வெச்சுப் பாத்துட்டுத் துப்பிருவேன்."

போர்ச்சுக்கலில் ருசி பார்க்கும் நிபுணர்களும் வாயில் வைத்துவிட்டுத் துப்பத்தான் செய்தார்கள். விழுங்கியது நான் மட்டும்தான்.

அத்தான் குரலைத் தாழ்த்தினார். "வெறும் தண்ணியவிட, ஊறி முடிஞ்ச கரைசல்ல தோலுச் சாயம் சுருக்கா எறங்கும். அந்த வெள்ளச் சாடி முழுசா ஊறுனது. இன்னைக்கே அதுக்குள்ள தோல் போட்டா, ஞாயித்துக்கெழமைக்குள்ள செவந்திரும்."

நான் காபியைக் கீழே வைத்தேன். "அத்தான், ஊறல் போட்டால் குற்றம்னு நேத்து நீங்கதான் பிரிவு எண் சொன்னீங்க."

"நா ஊறல் போடல மாப்ளே. அது ஏற்கெனவே ஊறிட்டு. நா சாயம் போடுதேன்."

முப்பத்தொரு வருடம் எதிர்த்தரப்பு வக்கீல்களின் வாதங்களைக் கேட்டவர். அதில் ஒன்றைத் தனக்கென்று எடுத்து வைத்திருந்திருக்கிறார்.

தென்காசிச் சந்தையில் பத்துக் கிலோ பன்னீர்த் திராட்சை வாங்கினோம். ஸ்கூட்டர் இன்றைக்கு மனமிரங்கிக் கிளம்பியது. மஞ்சள் பைகளை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால். செங்கோட்டை போகும் சாலையில் ஒரு வேகத்தடையில் ஒரு பையின் அடி பிரிந்து, திராட்சை சாலையெங்கும் உருண்டது. வண்டிச் சோதனையில் நின்றிருந்த போலீஸ்காரர் ஒருவர் ஓடி வந்தார். அத்தானைப் பார்த்ததும் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். அத்தானிடம் வேலை கற்றவராம்.

"ஐயா, எதுக்கு ஐயா இம்புட்டுத் திராட்ச?" என்று கேட்டுக்கொண்டே அவரும் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார்.

"ஜூஸு," என்றார்.

அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஒரு சொல் சொன்னதற்கே காது சிவந்துவிட்டது. போலீஸ்காரர் தன் தொப்பியில் பொறுக்கிய திராட்சையை என் மடியில் கொட்டி, "ஒடம்புக்கு நல்லது ஐயா," என்று வழியனுப்பினார்.

செங்கோட்டை பஸ் நிறுத்தத்தில் இசக்கி காத்திருந்தார். அத்தான் வரச்சொல்லியிருந்தாராம். "வேலை தெரிஞ்ச ஆளு ஒண்ணு வேணும்லா," என்றார் அத்தான் என்னிடம். எனக்கு அதில் சேர்க்கை இல்லை என்பது தெளிவாயிற்று.

பேக்கரி வாசலில் எங்களைப் பார்த்த ஆலீஸம்மா கதவைச் சாத்தவும் இல்லை, திறக்கவும் இல்லை. அத்தான் படியேறாமல் கீழே நின்றே பேசினார். தோல், சாயம், இரண்டு நாள். ஆலீஸம்மா முழுவதையும் கேட்டார். ஒரு திராட்சையை எடுத்துப் பிதுக்கி, தோலை விரலில் தேய்த்துப் பார்த்தார். ஜாம் காய்ச்சுகிறவருக்கு அது புதிதல்ல, யோசிக்காதது அவ்வளவுதான்.

"ஞாயித்துக்கெழம விடியும்போ ஞான் வந்து பார்ப்பேன். கலரு உண்டெங்கில் நிச்சயம் உண்டு. இல்லெங்கில் இல்ல," என்றார். பிறகு வழி விட்டார். "ஒரு காரியம். சாரு சம்மணம் போட்டு இருந்தா போதும். காலு நீட்டண்டா."

கொட்டகையில் நான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்து திராட்சையைப் பிதுக்கினோம். சதை ஒரு அண்டாவில், ஜாமுக்கு. தோல் இன்னொன்றில். என் வேகத்தைப் பார்த்த ஆலீஸம்மா, என்னை எழுப்பிக் கரண்டியையும் துணியையும் வெந்நீரில் அலசும் பொறுப்பைக் கொடுத்தார். அதிலும் கை சுட்டுக்கொண்டேன்.

"ஐயா," என்றார் இசக்கி ஒரு கட்டத்தில், அத்தானின் கையை வியப்போடு பார்த்து. "முப்பது வருசத்துக்கு முன்ன நாம ரெண்டு பேரும் இப்பிடி ஒக்காந்திருந்தா இன்னேரம் எங்கயோ போயிருக்கலாம்."

"ஜெயிலுக்குத்தாம்லே."

ஆலீஸம்மா சிரிக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, "சர்க்கர கொஞ்சம் கூட வேணுமோ சாரே?" என்றார்.

"வேண்டாம்மா. பொங்கிரும். துணிய இறுக்கிக் கெட்டாதிய, மூச்சு விடணும். கரண்டி இரும்பா இருக்கக்கூடாது."

"சாருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"ஒடைக்கதுக்கு முன்ன பாக்கணும்லாம்மா."

சனிக்கிழமை அத்தான் மூன்று முறை செங்கோட்டைக்குப் போய்வந்தார். ஒவ்வொரு முறையும் தோலை அமுக்கிவிட்டு, சாடியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்தார். நான் கேட்டதற்கு, ஆசுபத்திரியில் இருக்கும் உறவினரைப் பற்றிச் சொல்வது போல, "பரவால்ல" என்றார். கோமதியிடம் எதையும் சொல்லக்கூடாது என்று எனக்கும் அக்காவுக்கும் உத்தரவு. கலர் வராவிட்டால் பிள்ளை இரண்டு முறை ஏமாறவேண்டாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கொட்டகையில் நின்றோம். ஆலீஸம்மா ஒரு கண்ணாடி டம்ளரில் வடித்து வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெள்ளை இல்லை. வியாழக்கிழமை தரையில் ஓடிய சிவப்பும் இல்லை. மங்குஸ்தான் தோலைக் கழுவிய தண்ணீர் போல, சிவக்க முடிவு செய்துவிட்டு இன்னும் வந்து சேராத ஒரு நிறம். ஆலீஸம்மா டம்ளரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"சேட்டன்மாருக்கு ரெண்டு பேருக்கும் கண்ணுல புரை உண்டு," என்றார். "இது போதும். மண்டபத்துக்குப் போகலாம்."

குற்றாலத்தில் அன்றைக்கும் சாரல். மண்டபத்தில் ஒரு பக்கம் அத்தானின் பழைய சகாக்கள், மறுபக்கம் கொல்லத்துப் பெரியவர்கள், நடுவில் என் அக்கா. மோதிரம் மாற்றினார்கள். கேக் வெட்டினார்கள். கோமதி ஜிபினைப் பார்த்துச் சிரித்தாள். அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. ஆலீஸம்மாவின் மனதை ஜிபின்தான் மாற்றினான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் காலையிலிருந்து இரண்டு கைகளையும் அங்கவஸ்திரத்துக்குள் வைத்திருந்தார். குளிர் என்று எல்லோரிடமும் சொன்னார்.

கோப்பைகள் வந்தன. ஆலீஸம்மா தன் கோப்பையை உயர்த்திக் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் அத்தான் கையை வெளியே எடுத்தார்.

விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை ஊதாச் சிவப்பு. நகக்கண்ணெல்லாம் கறுப்பு. இரண்டு கோப்பைகளும் தொட்டன. அத்தான் தன் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி முகர்ந்தார். பழைய சகாக்கள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள்.

"எப்படி உண்டு சாரே?" என்றார் ஆலீஸம்மா.

"இன்னும் ஒரு வாரம் விட்ருக்கலாம்."

பிறகு கோப்பையை உதட்டில் வைத்தார். குடித்தாரா என்று கேட்காதீர்கள். அந்த மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட நான் தயாராக இல்லை. துப்பவில்லை என்பது மட்டும் தெரியும்.

கோமதி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆலீஸம்மாவின் விரல்களைப் பார்த்தாள். அங்கேயும் அதே நிறம். பின்வரிசையில் வெள்ளைச் சட்டையில் நின்ற இசக்கியின் விரல்களிலும் அதே. அவளுக்கு விளங்கச் சில கணங்கள் ஆயின. மேடையில் இரண்டு எட்டு நடந்து வந்து, மருதாணி போட்ட தன் உள்ளங்கையை அத்தானின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னப்பா இது?"

"தோல் உரிச்சேம்மா."

"என்னைய விட ஒங்களுக்குல்லா கலரு நல்லாப் பிடிச்சிருக்கு," என்றாள்.

அத்தானுக்குக் கண் மங்கியது. கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடித் தடுமாறினார். ஒயின் சாடி மேடையோரம், அவர் வலது காலுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. ஆலீஸம்மா குனிந்து, அதை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.